டொம்லூர் நிலைக்கால்

பெங்களூருக்கு வந்து பதினோரு வருடம். டொம்லூர் மேம்பாலம் வழியாகத்தான் தினமும் ஆபீஸ். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டு இருப்பது எனக்குப் போன மாதம்தான் தெரியும், சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கல்வெட்டு படிக்கக் கற்றுத்தருகிறார்கள் என்று வாட்ஸாப்பில் வந்ததைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை காலை பையனையும் இழுத்துக்கொண்டு போனேன். வந்திருந்தவர் தொல்லியல் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். சொற்பொழிவெல்லாம் இல்லை. டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார், அதுவரை வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் எழுத்து எழும்பி வந்தது. "படி தம்பி" என்றார். பையன் திணறினான், நானும்தான். மெய்யெழுத்துக்குப் புள்ளியே கிடையாது, ஒகரமா ஓகாரமா என்பதையும் நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். அவர் கூடவே எழுத்துக்கூட்டி வந்தார். ஊர்ப் பெயர் தொம்பலூர், இன்னொரு பெயர் தேசிமாணிக்கப்பட்டணம். 1270இல் அழகியார் என்பவர் கோயிலுக்கு இரண்டு நிலைக்கால், அதாவது வாசலின் இரு பக்கமும் நிற்கும் கால்கள், செய்து கொடுத்திருக்கிறார்.

"டியூப்லைட்ல உபயம்னு எழுதுவாங்களே, அதுவா?" என்றான் பையன். அதேதான் என்று அவர் சிரித்தார்.

எங்கள் சொந்த ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு முன் மணலை வேகமாகப் பீய்ச்சியடித்துச் சுவரைச் சுத்தம் செய்தார்கள். கல் பளபளவென்று ஆனது, எழுத்து மழுங்கிப் போனது. முன்னின்று செய்தவர் கெட்டவர் இல்லை, அழுக்கு என்றே நினைத்திருந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவருக்குப் படித்துக் காட்டியதில்லை. தொல்லியல் ஆட்கள் மேல் எனக்கு இருக்கும் ஒரே குறை இதுதான்: கல்லில் தாளை ஒட்டி மை தடவி மைப்படி எடுக்கிறார்கள், அறிக்கை எழுதுகிறார்கள், ஊர்க்காரனுக்கு மட்டும் சொல்வதில்லை.

சட்டம் காப்பாற்றும் என்றால், மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நாடு முழுக்கச் சுமார் 3,700 சின்னங்கள்தான் இருக்கின்றன. தெருமுனை நடுகல்லுக்கு 'பாதுகாக்கப்பட்ட சின்னம்' என்ற நீலப்பலகை எங்கிருந்து வரும்? பெங்களூர் வட்டாரக் கல்வெட்டுகளைக் கல்வெட்டு அறிஞர் பி. எல். ரைஸ் 1905இலேயே அச்சில் கொண்டுவந்துவிட்டார். ஆனால் அதில் இருக்கிற எத்தனையோ கற்கள் இன்று ரோட்டுக்கும் வீட்டுக்கும் அடியில் போய்விட்டன. தப்பித்தவையும் உண்டு. ஹெப்பாளில் 2018இல் தெருவேலையின்போது கிட்டய்யா நடுகல் வெளிப்பட்டது, சுமார் 750ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னடக் கல். விவரம் தெரிந்தவர்கள் அது என்ன என்று எடுத்துச் சொன்னார்கள், அந்தப் பகுதி மக்கள் சேர்ந்து மண்டபமே கட்டிவிட்டார்கள். இப்போது மிதிக் சொசைட்டி என்ற பெங்களூர் வரலாற்று ஆய்வு அமைப்பு இப்படிப்பட்ட கற்களை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து வைக்கிறது. நல்ல வேலை.

போன வாரம் பையன்தான் மறுபடி கோயிலுக்குக் கூப்பிட்டான். வாசலில் நின்ற ஒரு பாட்டிக்கு அழகியார் கதையைச் சொன்னான். அவர் எட்டி நிலைக்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எண்ணெய்க் கையோட தொடாதீங்க பாட்டி."