தண்ணீர் போகிற பக்கம்: புக்கிட் கியாராவில் ஒரு சனிக்கிழமை

"சைக்கிளை இப்ப இறக்காதீங்கண்ணே. முதல்ல இதைப் பிடிங்க."

தங்கச்சி நீட்டியது மண்வெட்டி. ஈப்போவிலிருந்து விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் காரோட்டி, கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலுக்கு வந்து சேர்ந்திருந்தேன். காரின் பின்னால் சைக்கிள் கட்டியிருந்தது. மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் புக்கிட் கியாரா என்றாலே தனி ஆசை. அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னாலேயே, மரங்களுக்கு நடுவே வளைந்து ஏறி இறங்கும் ஒற்றையடிப் பாதைகள். நகரத்துக்குள் இப்படி ஓர் இடம் மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். என்னை அழைத்த நண்பர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், காலையில் பாதை வேலை, ஓட்டம் அதற்கப்புறம்தான் என்று.

அன்று கூடியவர்கள் பதினான்கு பேர். வங்கியில் வேலை பார்க்கும் மலாய் இளைஞர், ஓய்வுபெற்ற சீன ஆசிரியர், கணவன் மனைவியாக வந்த இருவர், பள்ளி மாணவர்கள் மூன்று பேர், பிறகு மண்வெட்டி நீட்டிய அந்தத் தங்கச்சி. அவர் சைக்கிள் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறார். யாரோ நாசி லெமாக் பொட்டலங்கள் வாங்கி வந்திருந்தார்கள். காரின் பின்கதவைத் திறந்துவைத்து நின்றபடியே பசியாறினோம். கியாராவின் பாதைகளை இப்படித்தான் பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்கள் கோத்தோங் ரோயோங் முறையில், அதாவது எல்லோரும் கூடி வேலை செய்து, காத்து வருகிறார்கள். டிராக்ஸ் என்கிற கோலாலம்பூர், சிலாங்கூர் பாதைச் சங்கம் அதற்கென்றே இயங்குகிறது. வாரம் தவறாமல் ஓட்டுகிறவர்களில் எத்தனையோ பேர் ஒருநாள்கூட மண்வெட்டியைத் தொட்டதில்லை. அந்தக் காலை வரை நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

இந்த மலை முன்பு பால்மரத் தோட்டம், அதாவது ரப்பர் தோட்டம். இன்று வசதியானவர்கள் வாழும் இந்தத் தாமானும் புக்கிட் கியாரா தோட்ட நிலத்தில் எழுந்ததுதான். தோட்டம் கைமாறியபோது, 1980களின் தொடக்கத்தில், அங்கே வேலை செய்த நம் மக்களை இங்கேயே ஓரமாக நீண்ட வீடுகளில் குடியமர்த்தினார்கள். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். பக்கத்திலிருக்கும் ரிம்பா கியாரா பூங்காவில் உயர்மாடிக் குடியிருப்பு கட்டக் கொடுத்த அனுமதியை 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் ரத்து செய்தது. பசுமை தப்பியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நிரந்தர வீட்டுக்காக அந்த நீண்ட வீடுகளில் நாற்பது வருடம் காத்துக்கிடந்தவர்களை நினைக்காமல் அந்த மகிழ்ச்சியை முழுசாக அனுபவிக்க முடியவில்லை. என் அம்மாவும் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

எங்களுக்குக் கொடுத்த பகுதி முப்பது மீட்டர்தான் இருக்கும். மலைச்சரிவில் நேர்கீழாக இறங்கிய பழைய பாதை அது. மழைத்தண்ணீர் அதையே வாய்க்காலாக்கிக்கொண்டு முழங்கால் ஆழத்துக்கு அரித்திருந்தது. வேர்களெல்லாம் வெளியே தெரிந்தன. ஓட்டுகிறவர்கள் பள்ளத்தைத் தவிர்க்க ஒதுங்கி ஒதுங்கிப் போனதில், ஒற்றையடிப் பாதை மூன்றடிப் பாதையாகியிருந்தது. அதை மூடிவிட்டு, சரிவுக்குக் குறுக்கே புதிதாக ஒன்று வெட்டவேண்டும்.

சீன ஆசிரியர்தான் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார். மலை எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, பாதையின் ஏற்றம் அதில் பாதிக்குமேல் போகக்கூடாது. 20 விழுக்காடு சாய்ந்த சரிவில் பாதை 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறினால், தண்ணீர் பாதையைக் குறுக்கே தாண்டிப் போகாது. பாதையிலேயே ஓட ஆரம்பித்துவிடும். ஓட ஆரம்பித்தால் அரிப்புதான். கோலாலம்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை கொட்டுகிறது. அதுவும் சாரலாகப் பெய்யாது, பிற்பகலில் இடியோடு ஒரே மூச்சில் வந்து விழும். இங்கே பாதை போடுகிறவருக்கு மனிதரோடோ சைக்கிளோடோ பெரிய வேலை இல்லை. முழு வேலையும் தண்ணீரோடுதான்.

முதலில் இலைச்சருகை வாரித் தள்ளினோம். அதுவே ஒரு சாண் கனம். மேல்மண் கறுப்பாக, மெத்தென்று, கையில் எடுத்தால் உதிர்ந்துவிடும். அதன்மேல் பாதை போட்டால் நிற்காது என்று அதையும் சுரண்டி எடுத்தோம். கீழே கெட்டியான செம்மண் வந்தது. சருகுக்குள்ளிருந்து பால்மரக் கொட்டைகள் உருண்டன. பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட அதே கொட்டை. சின்ன வயதில் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, சூடேறியதும் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைப்போம். ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பாராங் கத்தி பிடித்தவர்கள் முன்னால் போய்ப் பாதைக்குள் நீண்டிருந்த கிளைகளைக் கழித்தார்கள். நானும் தங்கச்சியும் மலையைக் குடைந்து தளம் வெட்டினோம். அரை மணி நேரத்தில் இரண்டு மீட்டர் நீளத்துக்கு நல்ல தளம் அமைந்தது. தோட்டத்தில் அப்பாவோடு படிக்கட்டு வரப்பு வெட்டிய பழக்கம் கையிலேயே இருந்தது. தங்கச்சி வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தண்ணீர்ப் புட்டியைத் திறந்து என் தளத்தின் நடுவில் ஊற்றினார். தண்ணீர் மெதுவாக மலைப்பக்கம் நகர்ந்து, உள்மூலையில் குட்டையாகத் தேங்கி நின்றது.

"தோட்டத்துல வேலை செஞ்சிருக்கீங்களாண்ணே?"

"அப்பாவோட கூடமாட வெட்டியிருக்கேம்மா."

"அதான். தோட்டத்துல மரத்துக்குத் தண்ணி வேணும், அதனால உள்பக்கம் சாய்ப்பாங்க. இங்க தண்ணி நிக்கவே கூடாது. வெளிப்பக்கம் சாய்ங்க."

எனக்கு அது பெரிய விளக்கமாக இருந்தது. பால்மரம் நட்ட படிக்கட்டுகளை மலையை நோக்கி லேசாகச் சாய்த்துத்தான் வெட்டுவார்கள். மழை உள்பக்கமே தங்கி வேருக்குப் போகும், மண்ணும் அடித்துக்கொண்டு போகாது. சைக்கிள் பாதைக்கு அதற்கு நேர்மாறு. ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர் அளவுக்கு வெளிப்பக்கம் இறக்கம் இருக்கவேண்டும். தண்ணீர் மெல்லிய தகடாகப் பாதையைக் கடந்து கீழே போய்விடும். அப்பா கற்றுக்கொடுத்ததும் சரி, இந்தத் தங்கச்சி சொன்னதும் சரி. மலை ஒன்றுதான், எதற்காக வெட்டுகிறோம் என்பதுதான் வேறு. வெட்டியதைத் திரும்ப வெட்டினேன். இந்த முறை நானே தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வெளியே ஓடியது.

சாய்வு மட்டும் போதாது. சில மாதம் சக்கரம் ஓடினால் நடுவில் தடம் குழிந்து, ஓரத்தில் மண் வரப்புக் கட்டிவிடும். அப்போது தண்ணீர் வெளியேற வழியிருக்காது. அதனால் பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒருமுறை பாதையைச் சற்றுத் தாழ்த்தி, உடனே மேலே ஏற்றுகிறார்கள். அந்தத் தாழ்வுக்கு வந்துசேரும் தண்ணீருக்கு மேலே ஏற முடியாது, வெளியே சரியும். ஓட்டும்போது அலைமேல் போவதுபோல் ஒரு சுகம் வருமே, அதை வேடிக்கைக்காகப் போட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உள்ளே இப்படி ஒரு வடிகால் இருக்கிறது.

புதுப் பாதையின் நடுவில் ஒரு கிழட்டுப் பால்மரம் நின்றது. அதை வெட்டவில்லை, பாதையைத்தான் சுற்றிவிட்டோம். மரத்தின் உடம்பில் பழைய கத்தி வெட்டுகள் ஆறி, மேடும் பள்ளமுமாகத் தடித்திருந்தன. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும் அந்தச் சாய்ந்த கோட்டைத் தடவிப் பார்த்தேன். பால் வழிந்து கிண்ணத்துக்குப் போகவேண்டும் என்று அளவாகப் போட்ட சாய்வு. இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு யாரோ ஒரு அக்கா தினமும் இந்த மரத்தடிக்கு வந்திருப்பார். பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதுவரை அவர்கள் அந்தத் தழும்பை நோயென்று நினைத்திருந்தார்களாம்.

பதினொன்றரைக்கு வேலையை நிறுத்தினோம். பழைய பள்ளத்தில் கட்டையும் கிளையும் போட்டு மூடினோம். புதுத் தளத்தை மண்வெட்டியின் முதுகால் தட்டி இறுக்கினோம். மண் படிந்து இறுகும் வரை அதில் யாரும் ஓட்டக்கூடாதென்று இரு முனையிலும் கயிறு கட்டியாயிற்று.

மற்ற பாதைகளில் ஒன்றரை மணி நேரம் ஓட்டினேன். அதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. மூங்கில் புதர், வேர்ப் படிகள், திருப்பத்தில் எதிரே வந்த நடைப்பயணிகளுக்கு நின்று வழிவிட்டது, உச்சியிலிருந்து நகரத்தைப் பார்த்தது எல்லாமே நன்றாக இருந்தன. கண் மட்டும் எந்த இடத்தில் தண்ணீர் எங்கே போகும் என்றே தேடிக்கொண்டிருந்தது.

ஒரு விஷயம் மட்டும் ஓட்டத்தைக் கெடுத்தது. என் பின்சக்கர பிரேக். இறக்கத்தில் பிடித்தால் வீலென்று அலறியது, ஆனால் பிடி இல்லை. பயணத்துக்கு முன்பு ஊரில் ஒரு கடையில் கொடுத்துச் சரிபார்த்திருந்தேன். செயினுக்கு எண்ணெயை ஸ்பிரேயாக அடித்திருக்கிறார்கள். அது காற்றில் பறந்து பிரேக் தட்டிலும் படிந்திருக்கிறது. செங்குத்தான இறக்கத்தில் பிரேக் இல்லாமல் போவது உயிர் விஷயம். காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையில் இந்தக் கவனக்குறைவு எனக்குக் கோபம் தந்தது.

கீழே குழாயடியில் தங்கச்சி அதைப் பார்த்தார். தட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தார். பேடுகளைக் கழற்றி மேல்பரப்பை மணல் தாளால் மெல்லத் தேய்த்தார். "எண்ணெய் உள்ள இறங்கியிருந்தா இதுல சரிவராதுண்ணே, மாத்தித்தான் ஆகணும்" என்றார். மாட்டிய பிறகு, மிதமான வேகத்தில் போய்ப் போய் இருபது தடவை பிரேக் பிடித்து வரச் சொன்னார். பன்னிரண்டாவது தடவையிலேயே பிடி திரும்பிவிட்டது. பிரேக் எண்ணெயிலும் கவனமாக இருக்கச் சொன்னார். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில், வேறு பலவற்றுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுப்போகும்.

அப்புறம் செயின். இரும்பு அளவுகோலை வைத்து அளந்து காட்டினார். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்கும். நாளாக ஆக, ஊசிகள் தேய்ந்து செயின் நீளும். 1/16 அங்குலம் கூடிவிட்டால் மாற்றிவிடவேண்டும். விட்டுவைத்தால் தேய்ந்த செயின் பின்பற்சக்கரத்தையும் தின்றுவிடும், அதன் விலை பல மடங்கு. என்னுடையது அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்திருந்தது. செம்மண் சேற்றில் ஓட்டிவிட்டு இரண்டு நாள் அப்படியே போட்டதன் பலன். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிடம் ஊறவிட்டு வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் நன்றாகத் துடைப்பது, அவ்வளவுதான் வேலை. துடைக்காத எண்ணெய் மண்ணை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும்.

கழுவும்போது கார் கழுவும் அழுத்தக் குழாயைச் சக்கர மையத்திலும் பெடல் அச்சிலும் பிடிக்கவேண்டாம் என்றார். தண்ணீர் சீல் என்கிற அடைப்பைத் தாண்டி உள்ளே போய் பேரிங்கில் தங்கிவிடும். அவர் சைக்கிளுக்குச் சொன்னதும் காலையில் பாதைக்குச் சொன்னதும் ஒன்றாகவே கேட்டது. ஈரமான காலணிக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைப்பது எனக்கும் தெரிந்த வேலை. தலைக்கவசத்தின் உள்பஞ்சைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசலாம் என்பது புதிது. கையுறையை மட்டும் பைக்குள்ளேயே மறந்துவிடாதீர்கள், இந்த ஊர் ஈரத்தில் சீக்கிரமே பூசணம் பிடித்துவிடும்.

நாலு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். எனக்குப் போக மனமில்லை. நீண்ட வீடுகளின் பக்கம் கோயில் ஓரத்தில் ஒதுங்கி நின்றேன். மழை ஒரு மணி நேரம் அடித்துக் கொட்டியது. பக்கத்தில் நின்ற பெரியவர், "காலையில மேல வெட்டுனது நீங்கதானா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "மேலே நாலாவது வரப்புக்குக் கீழ ஊத்து ஒண்ணு உண்டு. மழை விட்டும் ரெண்டு நாள் கசியும், பாத்துக்குங்க" என்றார்.

இடி அடங்கியதும் சைக்கிளை விட்டுவிட்டு நடந்தே மேலே போனேன். ஈர மண்ணில் சக்கரம் பட்டால் தடம் குழியும். எங்கள் முப்பது மீட்டரில் தண்ணீர் அங்கங்கே பளபளத்து, பாதையைக் கடந்து, கீழே சருகுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் திரும்ப வெட்டிய இடத்திலும் ஓடியது. பால்மரத்தைச் சுற்றும் வளைவுக்கு அடுத்து மட்டும் இரண்டு கையகலக் குட்டை ஒன்று நின்றது. மேலிருந்து மெல்லிய நூல்போல் தண்ணீர் வந்து அதில் சேர்ந்துகொண்டே இருந்தது. பெரியவர் சொன்ன ஊற்று.

குட்டையின் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டுப் படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். ஊற்றைப் பற்றிப் பெரியவர் சொன்னதையும் எழுதினேன். கார் தஞ்சோங் மாலிமைத் தாண்டும்போது பதில் வந்திருக்கிறது, ஈப்போ வந்துதான் பார்த்தேன்: "அங்க கல்லு பதிக்கணும்ணே. அடுத்த சனி வர்றீங்களா? அந்தத் தாத்தாவையும் கூப்பிடுவோம்."