அரை பாட்டில் கத்திரிப்பூ

போன சித்திரையில் படைப்புக்காக, அதாவது முன்னோரைக் கும்பிட்டுப் படையல் போடுவதற்காக, ஊருக்குப் போயிருந்தோம். ஊர் காரைக்குடியிலிருந்து கூப்பிடு தூரம். பேர் வேண்டாம், பெரியப்பா படிப்பார்.

வருஷத்தில் பதினோரு மாதம் அப்பத்தாவும் வௌவால்களும் மட்டும் புழங்குகிற வீடு அது. படைப்பு என்றால் நாற்பது பேர் வந்து இறங்கிவிடுவார்கள். எனக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் பத்து நாள் முன்னாலேயே போய், நெட் கிடைக்கிற ஒரே இடமான முகப்புத் திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டேன்.

பிரச்சினை என் முழங்கையில் ஆரம்பித்தது. வருஷக்கணக்காக ஆபீஸ் ஏசியில் கிடந்ததில் இரண்டு முழங்கையும் வெள்ளை பூத்து, சுண்ணாம்புச் சுவர் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தன. டாக்டரிடம் காட்டினேன். "வெறும் வறட்சிதான், எதையாவது தடவுங்க" என்றார். அந்த 'எதையாவது' ஆன்லைனில் 50 கிராம் 450 ரூபாய். டப்பாவைத் திண்ணையில் வைத்திருந்தேன். அப்பத்தா எடுத்து மோந்து பார்த்தாள்.

"என்னப்பு இது?"

"மூலிகைக் களிம்பு, அப்பத்தா."

"என்ன வெலை?"

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அப்பத்தாவிடம் எதற்குமே பாதி விலைதான் சொல்வோம். இருநூற்று இருபத்தைந்து என்றேன்.

"இருநூத்து இருவத்தஞ்சா! கொல்லையில வெட்பாலை மரம் நிக்கிது. அதுக்குக் காது கேட்டா நாண்டுக்கிட்டுச் செத்துரும்."

நல்லவேளை, பாதி சொன்னேன்.

வெட்பாலை எங்கள் பக்கத்துப் பொட்டல்காட்டில் தானாக முளைத்து நிற்கிற மரம். சன்னப்பட்டணத்து மரப்பொம்மை இருக்கிறதே, அதைக் கடைவது இந்த மரத்தில்தான். சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படைக்கு, அதாவது சொரியாசிஸுக்கு, வெட்பாலைத் தைலம் கொடுப்பார்கள். என்னுடையது அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் அப்பத்தாவின் ஆஸ்பத்திரியில் சின்ன நோய், பெரிய நோய் என்ற பேதமெல்லாம் கிடையாது.

"எலையைப் பறிச்சு, ஈரம் போகத் தொடச்சு, கையால கிள்ளிப் போடு. இரும்பு படக் கூடாது."

"ஏன் படக் கூடாது?"

"படக் கூடாதுன்னா படக் கூடாது."

கிள்ளினேன். கிள்ளக் கிள்ள வெள்ளையாகப் பால் வடிந்து, விரலில் பிசின் மாதிரி காய்ந்து ஒட்டிக்கொண்டது. அரைக் கூடை இலை முடிந்தபோது பத்து விரலிலும் ரேகை இல்லை. ஆபீஸிலிருந்து போன் வந்தது, விரலை வைத்தால் திறக்கவில்லை. நான் யார் என்று என் போனுக்கே சந்தேகம். மேனேஜரை மூன்று மிஸ்டு கால் கொடுக்க வைத்த மூலிகை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இலையைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, அது மூழ்குகிற அளவுக்கு அரை லிட்டர் செக்குத் தேங்காயெண்ணெய் ஊற்றி, வாயை வேட்டித் துணியால் கட்டி மொட்டைமாடியில் வைத்தேன். ஏழு நாள் வெயில். காரைக்குடிப் பக்கத்துச் சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, இரண்டாம் நாளே எண்ணெய் நிறம் மாறிவிட்டது. பச்சை இலை, வெள்ளை எண்ணெய், ஆனால் இறங்குவது கத்திரிப்பூ நிறம். கவுனி அரிசி ஊறிய தண்ணீரை வெயிலில் தூக்கிப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி. இந்த மரத்தின் தாவரவியல் பேர் ரைட்டியா டிங்டோரியா. டிங்டோரியா என்றால் சாயத்துக்கு ஆனது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் இதன் இலையிலிருந்து அவுரி மாதிரி நீலச் சாயமே எடுத்திருக்கிறார்கள். இந்தச் சாய விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் நாள் இறக்கி வடிகட்டினோம். ஹார்லிக்ஸ் பாட்டில் முழுக்கச் சக்கை. வேறு பாட்டில் வேண்டுமே என்று தேடியபோது என் மனைவிக்குக் கண்ணில் பட்டது, உள்முற்றமான வளவில் மணி பிளான்ட் வைத்திருந்த கண்ணாடி பாட்டில். பெரியப்பா சிங்கப்பூரில் இருந்த காலத்தில் கொண்டுவந்த ஸ்காட்ச் பாட்டில் அது. உள்ளே இருந்தது எப்போதோ தீர்ந்துபோய், பாட்டில் மட்டும் செடிக்கு வந்து சேர்ந்திருந்தது. செடியைச் சொம்புக்கு மாற்றி, பாட்டிலைக் கழுவி, சொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்து எண்ணெயை ஊற்றினாள். அரை பாட்டில் வந்தது. குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாதே என்று இரண்டாங்கட்டு அலமாரியில், முறுக்கு டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

ஒளித்து வைத்ததுதான் தப்பு.

பெரியப்பா சர்க்கரை வந்த பிறகு 'அதை' விட்டுவிட்டவர். விட்டுவிட்டதை மாசத்துக்கு ஒரு தரம் எல்லோருக்கும் அறிவிக்கிறவர். படைப்பு நல்லபடியாக முடிந்தது, எல்லோரும் வயிறு முட்டச் சாப்பிட்டுப் பட்டாலையில் வரிசையாகச் சாய்ந்தோம். ராத்திரி பதினொரு மணி இருக்கும். இரண்டாங்கட்டுப் பக்கம் மூடி திருகுகிற சத்தம். ஒரு நொடி அமைதி. அப்புறம், "த்த்தூ!" அதைத் தொடர்ந்து ரொம்ப நேரம் குழாயில் தண்ணீர் ஓடியது. பூனை என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன். பூனை குழாயைத் திறக்குமா என்றெல்லாம் அந்தத் தூக்கத்தில் யோசிக்க முடியவில்லை.

காலையில் பார்த்தால் பாட்டிலில் இரண்டு விரற்கடை குறைவு. அலமாரிக்குக் கீழே ஆத்தங்குடிக் கல்லில், மஞ்சள் பூவும் பச்சை இலையும் போட்ட கல்லில், புதுசாக ஒரு ஊதாப் பூ. பெரியப்பா வளவில் உட்கார்ந்து, துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார். துண்டு விலகியபோது தெரிந்தது. பஞ்சு மாதிரி வெள்ளை மீசை அவருக்கு. அதன் கீழ் ஓரம் மட்டும் இளம் ஊதா.

"தாத்தா, ஏன் உங்க மீசை ப்ளூவா இருக்கு?" என்று என் மகள் கேட்டாள்.

"சும்மா இருடி, தாத்தாவுக்குப் பல்லுவலி" என்றாள் அப்பத்தா.

பத்து மணிவாக்கில் பெரியப்பா திண்ணைக்கு வந்தார். என் லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் அக்கறையாகப் பார்த்தார்.

"ஏம்ப்பா, அலமாரியில ஏதோ எண்ணெய் இருக்காப்ல தெரியுது."

"ஆமா பெரியப்பா, வெட்பாலை எண்ணெய். தோலுக்கு."

"ஓஹோ. ஏன் கேக்குறேன்னா, சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடு. யாராச்சும் தெரியாம வாயில வச்சுட்டா ஒண்ணும் பண்ணாதுல்ல? பொது அறிவுக்குக் கேக்குறேன்."

"வெளிப்பூச்சுக்கு மட்டும்தான் பெரியப்பா. துப்பிட்டா பரவாயில்லை."

அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. அப்பத்தா ஒன்றும் பேசாமல் ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

இனி களிம்பு. எண்ணெய் கெட்டியாக மெழுகு வேண்டும். காரைக்குடி நாட்டுமருந்துக் கடையில் தேன்மெழுகு 100 கிராம் கேட்டேன். "சாமி சிலை வார்க்கவா?" என்றார் கடைக்காரர். கேலி இல்லை, சுவாமிமலை ஸ்தபதிகள் முதலில் மெழுகில்தான் உருவம் பிடிப்பார்கள். "இல்லண்ணே, முழங்கைக்கு" என்றேன். என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு நிறுத்துக் கொடுத்தார். மஞ்சள் கட்டி, கையில் தேய்த்தால் தேன் வாசனை. வாசனையே இல்லாமல் வெள்ளையாக வழுக்கினால் அது மெழுகுவத்தி மெழுகு, ஏமாறாதீர்கள்.

எப்படிச் செய்வது என்று வீடியோ பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி விழுகிற ஏதோ ஒரு தேசத்தில் ஒரு பெண்மணி எட்டுப் பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகு போட்டார். எனக்குப் பெரியப்பா மிச்சம் வைத்தது 400 கிராம், ஆகவே மெழுகு 50. கொதிக்கிற தண்ணீர்ச் சட்டிக்குள் மங்குக் கிண்ணத்தை வைத்து உருக்கினேன். மெழுகு உருக 62, 63 டிகிரியாவது வேண்டும், நேரடி அடுப்பில் வைத்தால் எண்ணெய் கருகிவிடும். ராத்திரி டப்பாவில் ஊற்றி வைத்தது காலையில் வெண்ணெய் மாதிரி அழகாக நின்றது. போட்டோவெல்லாம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். மத்தியானம் இரண்டு மணிக்கு மூடியைத் திறந்தால் கேப்பைக் கூழ். தேங்காயெண்ணெய் இருபத்தைந்து டிகிரியிலேயே உருகிவிடுகிற பண்டம். இங்கே நிழலிலேயே முப்பத்தெட்டு.

"அந்தப் பொம்பளை ஊருல சித்திரை வருமா?" என்று கேட்டாள் அப்பத்தா. "மிச்ச மெழுகையும் போடு."

போட்டேன். நாலுக்கு ஒன்று. இந்தத் தடவை அப்பத்தா பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். உருகியதும் கரண்டி நுனியில் ஒரு சொட்டு எடுத்து, ஜில்லென்று கிடந்த ஆத்தங்குடிக் கல்லில் விட்டாள். கத்திரிப்பூச் சொட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல மங்கி வெளுத்து உறைந்தது. நகத்தால் சுரண்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்கினாள். "பதம் வந்திருச்சு, எறக்கு." அதிரசப் பாகுக்குத் தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்க்கிற அதே கை, அதே முகம்.

பத்து டப்பா வந்தது. முன்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்து, அரிப்பு தடிப்பு எதுவும் இல்லை என்றதும் முழங்கையில் போட்டேன். நாலு நாளில் உதிர்வது நின்றது. சட்டைக் கையில் மட்டும் ஊதா வட்டம் விழுகிறது, அதற்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. அப்பத்தா ஒரு டப்பாவைத் தேக்குக் கதவின் கீலுக்கே காலி பண்ணினாள். எத்தனையோ வருஷமாகக் கத்திக்கொண்டிருந்த கதவு, இப்போது யார் வந்தாலும் போனாலும் சத்தமில்லை.

"பத்து டப்பா. ரெண்டாயிரத்து இருநூத்தம்பது ரூவா மிச்சம்" என்று எல்லோரிடமும் கணக்குச் சொன்னாள். திருத்த முடியாத நிலையில் நான் இருந்தேன்.

கிளம்புகிற அன்று பெரியப்பா பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மீசை மழிக்கப்பட்டிருந்தது. அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக அவருடைய மேலுதட்டைப் பார்க்கிறோம். தயங்கித் தயங்கி, "குதிகால் வெடிச்சுக் கெடக்கு. அந்தக் களிம்புல ஒண்ணு இருந்தாக் குடேன், தடவிப் பாக்குறேன்" என்றார்.

நான் எடுக்கப் போனேன். உள்ளேயிருந்து அப்பத்தா குரல் வந்தது.

"ரெண்டாக் குடுத்தனுப்பு அப்பு. ருசிதான் ஏற்கெனவே பாத்துட்டானே."