உம்மாண்டி மாமா

போன வெள்ளிக்கிழமை இரவு அக்கா கோல் எடுத்தார். சுகம் விசாரிக்கவில்லை.

"தம்பி, இவன் சீமாவை விடப்போறானாம்." இவன் என்றால் அவருடைய மகன். சீமா என்பது CIMA, முகாமைத்துவக் கணக்காளர் படிப்பு.

"விட்டுட்டு?"

"அறுகம்பேக்குப் போய் வெள்ளைக்காரருக்கு அலையில பலகை ஓட்டப் பழக்கப்போறானாம். கடைசிச் சோதினை மட்டும்தான் மிச்சம். நீ ஒருக்கா அவனோட கதை."

"நான் சொல்லிக் கேப்பானோ?"

"நீ புதுசா ஒண்டும் சொல்லத் தேவையில்லை. உன்ர கதையைச் சொல்லு, காணும். தானாப் பயந்திடுவான்."

சோறு உண்ணாத பிள்ளைக்கு உம்மாண்டியைக் காட்டுவார்கள். எங்கள் குடும்பத்தில் வேலையை விட நினைக்கிற பிள்ளைக்கு என்னைக் காட்டுகிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் முழுக்க ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமை வந்து போய்விட்டான். நான் இன்னும் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கொழும்புக் கோட்டையில், சதாம் வீதி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, ஓர் இறக்குமதி நிறுவனத்தில் பதின்மூன்று வருடம் கணக்கு எழுதினேன். மாதக் கடைசியில் இரவு எட்டு மணிவரை இருந்து புத்தகம் மூட வேண்டும். மற்றபடி கெட்ட வேலை இல்லை. இருபத்தைந்தாம் திகதி சம்பளம் தவறாது.

வீடு பாமன்கடைப் பக்கம். ஒருநாள் காலை வெள்ளவத்தைக் கால்வாய் ஓரமாக பஸ்ஸுக்கு நடந்தபோது, ஒரு வெண்மார்பு மீன்கொத்தி தான் பிடித்த மீனைத் தகரத்தில் அடித்து அடித்துக் கொன்று விழுங்குவதைப் பார்த்தேன். நின்று பார்த்ததில் இரண்டு 100ஆம் இலக்க பஸ் போய்விட்டது. விசர் பிடித்தது அன்றுதான். அதன் பிறகு ஞாயிறு என்றால் பெல்லன்வில அத்திடிய சதுப்பு நிலம். 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். தெஹிவளைக்கும் பொரலஸ்கமுவவுக்கும் நடுவில் வீடுகள் நெருக்கிக்கொண்டே வர, அது பாட்டுக்குக் கிடக்கிறது. காலை ஆறு மணிக்குப் போனால் நீலத் தாழைக்கோழி கோரைக்குள் கால் நீட்டி நடக்கும். நத்தைகுத்தி நாரை சேற்றில் அலகை விட்டுத் துழாவும். ஒரு சி.ஆர். கொப்பி, பழைய எட்டு மடங்கு பைனாகுலர், பிளாஸ்கில் பிளேன்ரீ. பத்து மணிக்கு வீடு திரும்பினால் அடுத்த ஞாயிறுவரை தாங்கும்.

ஈரநிலங்களைப் பாதுகாக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டபோது நான் ஏதோ என் சொந்தக் காணிக்கு உறுதி கிடைத்ததுபோல எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். அதற்கு முன்பே கணக்கு வேலையை விட்டிருந்தேன். வழிகாட்டிப் பயிற்சி எடுத்து, சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதிப்பத்திரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பறவை பார்க்க வருகிறவர்களைக் காடு காடாகக் கூட்டிப் போகத் தொடங்கியிருந்தேன். "பிடித்த வேலையைச் செய்தால் ஒரு நாளும் வேலை செய்ய வேண்டியிராது" என்று அப்போது யாரோ முகநூலில் போட்டிருந்தார்கள். நானும் விரும்பி, பகிர்ந்தேன். அந்த ஆள் ஒரு தடவையாவது மூன்று பேருக்கு வயிற்றோட்டம் பிடித்த வானில் இரத்தினபுரி றோட்டில் போயிருப்பார் என்று நினைக்கவில்லை.

முதல் இரண்டு வருடம் உண்மையில் நல்லாக இருந்தது. அதை அக்காவிடம் சொன்னால் நம்பமாட்டார். கோட்டையில் இருந்த காலத்தில் என் சிங்களம் கடைச் சிங்களம். சிங்கராஜா மழைக்காட்டின் குடாவ பக்கம் உள்ள கிராமத்து வழிகாட்டிகளோடு சேர்ந்துதான் அது வாயில் இளகியது. அவர்களில் ஒருவர் எனக்குக் கேட்கப் பழக்கினார். கண்ணை மூடச் சொல்லுவார். சிங்கராஜாவில் பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாகக் காட்டைத் துழாவிக்கொண்டு போகும். அந்த இரைச்சலுக்குள் கரிச்சான் எது, சிலம்பன் எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். எனக்கு நாற்பது வயதில் இரண்டு காது புதிதாக முளைத்தது. ஒரு தடவை கண் மங்கிய ஒரு வயதான பெண் கணவரோடு வந்தார். அவருக்குப் பறவை தெரியாது, சத்தம் மட்டும்தான். நாள் முழுக்க நான் ஒன்றையும் விரலால் காட்டவில்லை. இருவரும் ஒரு கல்லில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தோம். அந்த ஒரு நாளுக்காக எத்தனை மாதக் கடைசியையும் விட்டுக்கொடுப்பேன்.

சரி, இனி ஆந்தைக்கு வருவோம்.

செரண்டிப் ஆந்தை. கைக்குள் அடங்கிவிடும் போலச் சின்னது, செங்கல் நிறம். 1995இல் அதன் குரலை மட்டும் கேட்ட தீபால் வாரக்காகொட, 2001இல்தான் சிங்கராஜாவில் அதைக் கண்ணால் கண்டார். 2004இல் அது புதிய இனமாக விவரிக்கப்பட்டது. குரலைப் பிடித்துக்கொண்டு ஆறு வருடம். இலங்கைக்கே உரிய முப்பதுக்கு மேற்பட்ட பறவை இனங்களை ஒரே பயணத்தில் பார்த்துவிட வருகிறவர்களுக்கு இந்த ஆந்தை இல்லாமல் பட்டியல் நிறையாது. நான் கூட்டிப்போன ஒருவர், ஓய்வு பெற்ற பொறியியலாளர், நல்ல மனிதர், மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டார். இது மட்டும் மிச்சம். கடைசி இரவு. தூறல். அட்டை காலுறைக்கு மேலால் ஏறுகிறது. பகலில் அது உறங்கும் இடத்தையும் அன்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பதிவுசெய்த குரலைப் போட்டால் வரும். அது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. தன் இடத்துக்குள் இன்னொரு ஆந்தை புகுந்துவிட்டது என்று நினைத்து, இருந்த வேலையை விட்டுவிட்டு விரட்ட வரும். ஒருதரம் இரண்டுதரம் என்றால் பரவாயில்லை என்பார்கள். திரும்பத் திரும்பச் செய்தால் அது இரை தேடாது, கூட்டில் இருக்காது, இல்லாத எதிரியைத் தேடியே களைத்துப்போகும். அத்திடியவில் இரண்டு பொடியன்கள் போனில் இப்படிக் குரல் போட்டதைப் பார்த்து, நான் கந்தோர்க்காரனாக இருந்த காலத்தில், நடு றோட்டில் சண்டை பிடித்திருக்கிறேன்.

அன்று இரவு பதினாலு தரம் அழுத்தினேன். எண்ணினேன். வந்தது. என் தலைக்கு ஒரு முழம் மேலே வந்து குந்தி, ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், கண் கலங்கினார், அறைக்குப் போய்க் கொப்பியில் சரி போட்டார். காலையில் கடித உறைக்குள் ஐம்பது ஸ்டேர்லிங் பவுண் காசு வைத்துத் தந்தார். அந்த மாதம் மகளுடைய பாடசாலை வான் காசு அதில்தான் கட்டினேன்.

ஆசைப்பட்ட தொழிலில் காசு கிடைக்காமல் போவதைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். கிடைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. கணக்கு வேலையில் முதலாளி ஏதாவது கோணலாகச் செய்யச் சொன்னால் முடியாது என்று சொல்லியிருக்கிறேன், இரண்டு தடவை. கணக்கை நான் காதலிக்கவில்லை. அதனால் அது சுலபமாக இருந்தது. ஆந்தையிடம்தான் முடியவில்லை.

அந்த ஆந்தையின் விஞ்ஞானப் பெயரில் தீலோ ஹொஃப்மன் என்பவருடைய பெயர் இருக்கிறது. சுவிஸ்காரர். 1946இல் இங்கே வந்து பௌர்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து அதன் தலைமைக்கு உயர்ந்தவர். உரமும் விவசாய இரசாயனமும் விற்கிற நிறுவனம். எழுபதுகளில் ஒட்டுப்பலகைக்காக சிங்கராஜாவை இயந்திரம் வைத்து வெட்டத் தொடங்கியபோது அதற்கு எதிராக முன்னால் நின்றவர்களில் அவர் முக்கியமானவர். வெட்டு நின்றது. 1988இல் சிங்கராஜா உலக மரபுரிமைத் தலமானது. அந்த மனிதர் வேலையை விடவில்லை. பகலில் உரம், மிச்ச நேரத்தில் காடு. பௌர்ஸ் கட்டடம் கோட்டையில், அதே சதாம் வீதியில் இருக்கிறது. பதின்மூன்று வருடம் தினமும் அதைக் கடந்து போய், விட்டால்தான் காட்டுக்குப் போக முடியும் என்று நினைத்து நான் வேலையை விட்டேன். இந்த விஷயம் எனக்குத் தெரியவந்தது, குடாவவில் ஒரு மழை நாளில், ஒரு வாடிக்கையாளர் சொல்லி.

பிறகு பார்த்தால் இவர் மட்டும் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் இங்கே பறவைகளை ஆராய்ந்த லெக் பீரங்கிப் படை அதிகாரி. லேயர்ட் அரசாங்க உத்தியோகத்தர். இருவர் பெயரிலும் இங்கே பறவை உண்டு. (முழுநேர வழிகாட்டிகள் பெயரிலும் ஒரு நாள் வரட்டும். எனக்குப் பொறாமை இல்லை, கொஞ்சம்தான்.)

மிச்சக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள். அன்று என் தொழிலைப் பற்றி நினைக்கவே வெட்கமாக இருந்தது. மே மாதம்தான் நினைத்தேன். முந்திய வருட மே மாதத்தில் நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 129,466 பேர். அந்த மே 37,802. பிறகு கொரோனா. 2021 முழு வருடத்துக்கும் 194,495. 2022இல் யாராவது வந்திருந்தாலும் கூட்டிப்போகப் பெற்றோல் இல்லை, கியூ.ஆர். கோட்டில் வாரத்துக்கு இருபது லீற்றர் கிடைத்த காலம். பெரிய லென்ஸை விற்றேன். வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடைக்கும் ஒரு மருந்துக்கடைக்கும் வீட்டிலிருந்தே கணக்கு எழுதத் தொடங்கினேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மனைவி இதை வாசித்துவிட்டுச் சிரிப்பாள். நான் ஆசையின் பின்னால் போனேன் என்பது பாதிக் கதை. அவள் போகவில்லை என்பது மற்றப் பாதி. அவளுடைய வங்கிச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அவளுக்கு மாதம் மாதம் சேமலாப நிதிக்குத் தன் பங்கு எட்டு வீதமும் நிறுவனத்தின் பன்னிரண்டு வீதமும் விழுந்துகொண்டிருக்க, எனக்கு ஒன்றும் விழவில்லை. பாட்டு வகுப்பு எடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. இருந்தது என்று எழுதும்போதுதான் தெரிகிறது, கடைசியாக அதைப் பற்றி எப்போது கேட்டேன் என்று ஞாபகமில்லை.

இப்போது கிழமையில் நாலு நாள் கணக்கு. 2024இல் பயணிகள் திரும்ப இருபது லட்சத்தைத் தாண்டினார்கள். எனக்கும் வருடத்தில் ஏழெட்டுப் பயணம் வருகிறது. குரல் போடமாட்டேன் என்று முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் அதோடு பதில் போடுவதில்லை. கடைக்கணக்கு இருப்பதால்தான் இந்த வீரம்.

சரி, மருமகன். ஞாயிறு பின்னேரம் நாலரைக்கு வந்தான். பல்கனியில் இருந்தோம். நான் அக்கா சொன்னபடியே முழுக் கதையையும் சொன்னேன், ஆந்தை, மே மாதம், லென்ஸ், எல்லாம். பயப்படுவான் என்று பார்த்தால், "மாமா, அது வந்து இருந்ததும் உங்களுக்கு எப்பிடி இருந்தது?" என்று கேட்கிறான். கண் பளபளக்கிறது. எனக்கு அக்காவை நினைத்துப் பாவமாக இருந்தது.

வேறு வழியாகப் போனேன். "அறுகம்பேயில அலை எத்தினை மாசம்?"

"மே மாசத்திலயிருந்து ஒக்டோபர் மட்டும்."

"மிச்சம்?"

போனை எடுத்து எக்செல் தாளைத் திறந்தான். சீமா படித்தவன் சீமா படித்தவன்தான். ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு, பலகை வாடகை, அறை வாடகை, சாப்பாடு, எல்லாம் நிறம் அடித்து வைத்திருந்தான். மற்ற ஆறு மாதத்துக்கு "கொழும்பில் ஏதாவது" என்று ஒரு வரி. ஒருவரும் வராத வருடத்துக்கு வரியே இல்லை. நான் போனை வாங்கி ஒரு வரி சேர்த்து, எல்லாப் பெட்டியிலும் பூச்சியம் போட்டேன். கீழே மொத்தம் சிவப்பாகியது. அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கடைசிச் சோதினை எப்ப எழுதினாலும் எழுதலாம்தானே மாமா" என்றான். "எப்ப எழுதினாலும் எண்டு நினைச்சா ஒரு நாளும் எழுதமாட்டாய்" என்றேன். "நீங்க எழுதினதாலதான் இப்ப கடைக்கணக்குப் பாக்கிறீங்கள், என்ன?" என்றான். அது கிண்டலா, கேள்வியா என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கலாம் என்று நினைத்துத் தொடங்கினேன். ஒரு அலையைப் பிடிப்பதற்கும் அலை பிடிக்கத் தெரியாத இருபது பேரை ஒரு நாள் முழுக்கத் தள்ளிவிடுவதற்கும் உள்ள வித்தியாசம், அவனுக்குப் பிடித்தது இதில் எது, என்று. அந்த நேரம் கால்வாய்ப் பக்கம் கைவிட்டுக் கிடக்கிற காணியில், பலாவுக்குக் கீழே, இரண்டு சீழ்க்கை. ஆறுமணிக்குருவி. ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து வந்து, சித்திரைக்குள் போய்விடும். இந்த வருடம் எங்கள் பக்கம் நான் அதுவரை கேட்டிருக்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிடுமா என்று எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டது. இருள் சூழ்கிற நேரத்தில் பச்சையும் நீலமுமாக ஏதோ ஒன்று சருகுக்குள் துள்ளியது மாதிரியும் இருந்தது.

"மாமா," என்றான் பின்னாலிருந்து. "என்னவோ சொல்லிக்கொண்டிருந்தீங்கள்."

எனக்கு ஞாபகம் வரவில்லை. உள்ளே மேசையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. அக்காவாகத்தான் இருக்கும்.