எந்த அலை உயரம்?

"இந்த இடத்தில் அலை உயரம் 4 மீட்டர்" என்று சொல்லிக் கடலோரப் பொறியியல் ஆய்வாளர் ஒருவரிடம் வடிவமைப்பு கேட்டுப் பாருங்கள். பழுத்தவர் என்றால் கால்குலேட்டரைத் தொடமாட்டார். "எந்த உயரம்? எவ்வளவு ஆழத்தில்? எதை வைத்து அளந்தது?" என்று திருப்பிக் கேட்பார். கேட்காமல் கணக்கில் இறங்குகிறவர் துறைக்குப் புதியவர் என்று தாராளமாக முடிவு கட்டலாம்.

கடலில் அரை மணி நேரம் பதிவு செய்தால் சில நூறு அலைகள் கிடைக்கும். ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. எல்லாவற்றையும் உயர வரிசையில் அடுக்கி, மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கின் சராசரியை எடுத்தால் அதுதான் துறையில் எல்லோரும் புழங்கும் 'ஹெச்எஸ்' (Hs, குறிப்பிடத்தக்க அலை உயரம்). இரண்டாம் உலகப் போரில் படைகளைக் கரையிறக்க அலை முன்கணிப்பு தேவைப்பட்டபோது கடலியலாளர்கள் ஸ்வெர்ட்ரப்பும் மங்க்கும் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அளவு இது. பழகிய மாலுமி கண்ணால் பார்த்துச் சொல்லும் உயரத்துக்கு இது நெருக்கமாக இருந்ததுதான் காரணம். ஆழ்கடலில் உச்சப் பத்தில் ஒரு பங்கின் சராசரி இதைப்போல் 1.27 மடங்கு, உச்ச 250-இல் ஒரு பங்கு 1.8 மடங்கு, வர்க்க சராசரி மூல உயரம் 0.71 மடங்கு. ஆக, 4 மீட்டர் என்ற அதே கடலை 2.8, 5.1, 7.2 என்றும் சொல்லலாம். நான்கையும் சூத்திரங்களில் ஒரே எழுத்தால்தான் குறிக்கிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

அலைதடுப்பின் மேல் அடுக்குக் கல் எத்தனை டன் இருக்க வேண்டும் என்று சொல்லும் ஹட்சன் சூத்திரத்தில் (1959) அலை உயரம் மும்மடிப் பெருக்காக வருகிறது. உயரத்தில் 10 சதவீதம் பிசகினால் கல்லின் எடையில் 33 சதவீதம் பிசகும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் பழைய கையேடு இந்த இடத்தில் ஹெச்எஸ் போடச் சொன்னது. 1984 பதிப்பு 1.27 மடங்கைப் போடச் சொன்னது. 1.27-ஐ மும்முறை பெருக்கினால் 2.05, அதாவது கல்லின் எடை இரட்டிப்பு. ஒரு பதிப்பின் கெழுவையும் (சூத்திரத்தில் வரும் சோதனை எண்) இன்னொரு பதிப்பின் உயரத்தையும் கலந்து போட்ட கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் குப்பைதான். செங்குத்துச் சுவர்களுக்கான, ஜப்பானியப் பொறியாளர் கோடாவின் அழுத்தச் சூத்திரமோ உடையா அலைகளுக்கு 1.8 மடங்கைக் கேட்கிறது. கரையோர மணல் ஓட்டத்துக்கான பழைய ஆற்றல் சூத்திரத்தில் ஹெச்எஸ் போட்டால் கெழு 0.39, வர்க்க சராசரி மூலம் போட்டால் 0.77. மாற்றிப் போட்டவருக்கு மணல் இரண்டு மடங்காகவோ பாதியாகவோ ஓடும்.

இத்துறையில் ஒருவர் தேறுவது என்றால் இந்த ஒற்றைக் கேள்வியை வெவ்வேறு இடங்களில் நின்று கேட்கப் பழகுவதுதான். சிவில் பொறியியல் படித்து வருபவர்கள் அதிகம். இயற்பியல், புவியியல், கடலியல் வழியாக வருபவர்களும் உண்டு. முதுகலைக்குப் பின் நான்கைந்து ஆண்டு முனைவர் பட்டம், பிறகு பல்கலைக்கழகம், அரசு ஆய்வகம், ஆலோசனை நிறுவனம் என்று மூன்று பாதைகள். பலர் மூன்றிலும் மாறி மாறி நடக்கிறார்கள். கோடா ஜப்பானின் அரசுத் துறைமுக ஆய்வு நிறுவனத்தில் வளர்ந்து பிறகு யோகோஹாமா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனவர். கல் அடுக்குகளின் நிலைத்தன்மைக்கு இன்று புழங்கும் வான் டெர் மீரின் சூத்திரங்கள் 1988-இல் அவர் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் அளித்த முனைவர் ஆய்வேட்டில் வந்தவை. அவற்றுக்கு அடிப்படை ஆய்வகத் தொட்டியில் நடத்திய தொடர் சோதனைகள்.

தொட்டியிலிருந்தே தொடங்கலாம். கை பழகுவது அங்கேதான்.

1:40 அளவில் ஒரு அலைதடுப்பு மாதிரி என்று வையுங்கள். அலை மாதிரிகளைச் சுருக்கப் பயன்படும் ஃப்ரூட் விதிப்படி நீளம் 40-இல் ஒன்று, நேரம் 40-இன் வர்க்கமூலம், அதாவது 6.32-இல் ஒன்று. 10 விநாடி அலை தொட்டியில் 1.58 விநாடி. ஒரு சோதனைக்குக் குறைந்தது 1000 அலைகள் ஓட வேண்டும் என்பது வழக்கம், ஆகவே 26 நிமிடம். நிஜக் கடலில் அது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த புயல். எடை 64,000-இல் ஒன்று, ஆகவே 20 டன் கல் 313 கிராம். இங்கேதான் பலர் வழுக்குவது. தொட்டியில் இருப்பது நன்னீர், கடல் உப்பு நீர். அடர்த்தி 2650 உள்ள கல்லின் மிதப்பு கழித்த ஒப்படர்த்தி கடலில் 1.585, நன்னீரில் 1.65. இதைச் சரிக்கட்டினால் கல் 277 கிராமாக இருக்க வேண்டும். 313 கிராம் கல்லையே அடுக்கினால் மாதிரி 13 சதவீதம் கனத்துவிடும். கல் நகராது, அறிக்கை நன்றாக வரும், நிஜக் கட்டுமானம் அந்த அளவுக்குத் தாங்காது. தவறு எப்போதும் பாதுகாப்பின் பக்கமே சாயும் என்று நம்புகிறவர்களுக்கு இது நல்ல மருந்து.

அடுத்தது அலைமானி. கட்டுமானத்தில் மோதித் திரும்பும் அலையும் வரும் அலையும் தொட்டியில் கலந்துதான் நிற்கும். ஒரே மானியில் அளந்த உயரம் இரண்டின் கலவை. பிரித்தெடுக்க மன்சார்ட், ஃபங்கே இருவரும் 1980-இல் தந்த மூன்று மானி முறை உண்டு. அலைநீளம் 3 மீட்டர் என்றால் முதல் இரண்டுக்கும் இடையே அதில் பத்தில் ஒன்று, 30 செ.மீ. மூன்றாவது மானி முதலாவதிலிருந்து 50 செ.மீ.க்கும் 1 மீட்டருக்கும் இடையில் எங்காவது இருக்கலாம், 60-லும் 90-லும் மட்டும் கூடாது. புதியவர்களின் கை தானாகச் சம இடைவெளிக்குத்தான் போகும்: 0, 30, 60. சரியாகக் கூடாத இடம். கணக்கு அங்கே நிலைகுலைந்து எண்கள் தாறுமாறாக வரும். 75 செ.மீ.யில் வைத்தால் தொல்லையில்லை. மின்தடை வகை மானி என்றால் நீரின் வெப்பம் மாறும்போது கடத்துதிறனும் மாறும். காலையில் ஏற்றி இறக்கிச் சரிபார்த்த மானியை மதியம் மறுபடி பார்க்காமல் விட்டால் மாலைச் சோதனைகளின் உயரம் எல்லாம் ஒரே திசையில் நகர்ந்திருக்கும்.

எல்லாவற்றையும் சுருக்கவும் முடியாது. 0.2 மி.மீ. மணலை 40-ஆல் வகுத்தால் 5 மைக்ரான். அது மணல் இல்லை, வண்டல். ஒட்டும், மிதக்கும், வேறு விதமாக நடந்துகொள்ளும். அலைதடுப்பின் உட்கருவில் உள்ள சிறு கற்களை அப்படியே சுருக்கினால் இடுக்குகளில் நீர் இழையோட்டமாக ஓடி, மாதிரி நிஜத்தை விட அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால் உட்கருக் கல்லை வேண்டுமென்றே அளவுக்குக் கொஞ்சம் பெரிதாகப் போடுவார்கள். மணல் வேலைக்கு 300 மீ. நீளம், 9.5 மீ. ஆழம் கொண்ட டெல்ஃப்டின் டெல்டா தொட்டி போன்ற ராட்சதங்கள் தேவைப்படுவதும் இதனால்தான். அங்கே இடம் கிடைப்பதே ஒரு சாதனை.

சுருங்காத இன்னொன்று கான்கிரீட்டின் வலிமை. போர்ச்சுகலின் சினெஸ் துறைமுக அலைதடுப்பு 1978 பிப்ரவரிப் புயலில் சிதைந்தது. அதன் கவசம், அதாவது மேல் அடுக்கு, 42 டன் கான்கிரீட் டோலோஸ் துண்டுகள், இரண்டு கால்களை இணைக்கும் ஒரு தண்டு என்ற வடிவம். துண்டு பெரிதாகப் பெரிதாகத் தன் எடையாலேயே அதன் உள்ளே ஏறும் இழுவிசை கூடும். கான்கிரீட்டின் இழுவலிமையோ அப்படியே நிற்கும். தொட்டியில் வைத்த சின்னத் துண்டு ஒப்பளவில் உருக்கு போல உறுதியானது, உடையவே உடையாது. "கல் உருளுகிறதா?" என்று மட்டும் பார்த்த சோதனைக்கு "துண்டு உடையுமா?" என்ற கேள்வியைக் கேட்கத் தெரியாது. அதற்குப் பிறகு கவசத் துண்டுகளின் உள்வலிமை தனி ஆய்வுப் பிரிவாகவே வளர்ந்தது. ஒல்லிக் கால் வடிவங்களைப் பெரிய அளவில் வார்க்க இன்றும் பொறியாளர்கள் யோசிப்பார்கள்.

கடலில் இறங்கி அளப்பவர்களின் தொல்லைகள் வேறு. கடலடியில் அழுத்தமானி வைத்து அலை அளப்பது மலிவான வழி. ஆனால் 10 மீ. ஆழத்தில், 10 விநாடி அலையின் அழுத்தம் 80 சதவீதம் அடிவரை வந்துசேரும். 4 விநாடி அலையின் அழுத்தத்தில் 16 சதவீதமே வரும். மேற்பரப்புக்குத் திருப்பக் குட்டை அலையை ஆறு மடங்கு பெருக்க வேண்டும். கருவியின் இரைச்சலும் கூடவே ஆறு மடங்காகும். எந்த அதிர்வெண்ணுக்கு மேல் வெட்டிவிடுவது என்பதை ஒவ்வொரு பதிவையும் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். வெட்டிய இடத்தைச் சொல்லாமல் ஹெச்எஸ் மட்டும் கொடுக்கும் அறிக்கையை நம்பாதீர்கள். மிதவை வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. அதற்குப் பதில் பாசியும் சிப்பியும் ஏறிக் கனத்துப்போகும், நங்கூரக் கயிறு தேயும், இழுவலை மாட்டும்.

ஆழம் அளப்பதில் ஒரு நிரந்தர ஓட்டை உண்டு. கரையிலிருந்து ஜிபிஎஸ் கோலோடு இடுப்பளவு நீர் வரை நடக்கலாம். படகு அலை உடையும் இடத்துக்குள் வராது. நடுவில் விட்டுப்போகும் பட்டையில்தான் மணல்திட்டு இருக்கிறது, அலை உடைவதும் அங்கேதான். அமெரிக்காவின் வட கரோலினாவில் டக் என்ற இடத்து ஆய்வு நிலையம் இதற்காகவே ஏறத்தாழ 10.7 மீ. உயர மூன்று கால் வண்டி ஒன்றை ஓட்டியது. மற்றவர்கள் இரண்டு கோடுகளையும் வரைபடத்தில் அளவுகோல் வைத்து இணைத்துவிட்டு நகர்கிறார்கள். கூடவே மட்டக் குழப்பம்: படகு அளவை கடல் வரைபடத்தின் தாழ்நீர் மட்டத்திலும், கரை அளவை சராசரி கடல் மட்டத்திலும் இருக்கும். கட்டுமானத்தின் காலடியில் 5 மீ. ஆழம் என்று போட்டது உண்மையில் 6 மீ. என்றால், ஆழத்தால் அடங்கும் அலை 20 சதவீதம் கூடும், தேவையான கல்லின் எடை 73 சதவீதம் கூடும். ஒரு மட்டப் பிழைக்கு இந்த விலை.

கணினி மாதிரிக்காரர்கள் இப்போது எண்ணிக்கையில் அதிகம். ஸ்வான், எக்ஸ்பீச் போன்ற அலை, கரை மென்பொருள்கள் இலவசம்; மடிக்கணினி போதும். அதுவே ஆபத்தும்கூட. மிதவையின் அளவோடு பொருந்தவில்லை என்றால் அலையுடைவுக் கெழுவையும் (ஸ்வானில் இயல்பாக 0.73) அடி உராய்வையும் திருகித் திருகிப் பொருத்திவிடலாம். கோளாறு மேலே சொன்ன அந்த அளக்காத பட்டையில் இருந்திருக்கும். ஒரு புயலுக்குப் பொருத்தியதை இன்னொரு புயலில் கைவைக்காமல் ஓட்டிப் பார்க்காவிட்டால் அந்த மாதிரிக்கு மதிப்பில்லை. மணல் ஓட்டக் கணக்கில் திசைதான் எமன். உடையும் அலை கரையோடு 5 பாகை சாய்ந்திருக்கிறது. மாதிரி 8 என்று சொல்கிறது. வெறும் 3 பாகைதானே? மணல் ஓட்டம் 60 சதவீதம் கூடிவிடும். ஆண்டு நிகர ஓட்டம் என்பது வலப்பக்கம் போவதிலிருந்து இடப்பக்கம் போவதைக் கழித்து வரும் மிச்சம் என்பதால், சில கரைகளில் திசையே தலைகீழாகும்.

முனைவர் பட்டத்துக்கு இடம் தேடுபவர்கள் பார்க்க வேண்டியது இதைத்தான்: அளந்த தரவு கையில் இருக்கிறதா, இனிமேல்தான் அளக்க வேண்டுமா? கள ஆய்வுக்குப் பணமும் கருவியும் இருந்தும் மூன்று பருவம் புயலே வராமல் ஆய்வேடு நின்றுபோவது உண்டு. அளவையே இல்லாமல் மாதிரி ஓட்டி மட்டும் முடிக்கும் ஆய்வேடு சீக்கிரம் முடியும், வேலைக்கான நேர்காணலில் முதல் கேள்வியிலேயே திணறும். ஆறு மாதமாவது தொட்டியருகே நனைந்தவர்களுக்கு ஆலோசனை நிறுவனங்களில் மதிப்பு அதிகம், அது நியாயம்தான்.

இருபது முப்பது ஆண்டு கழித்து இவர்களின் வேலை பெரும்பாலும் பிறர் வடிவமைப்பைச் சரிபார்ப்பது. 100 ஆண்டுக்கு ஒருமுறை வரும் அலைக்குக் கட்டியிருக்கிறோம் என்று கோப்பு வரும். 50 ஆண்டு ஆயுளில் அந்த அலையோ அதைவிடப் பெரியதோ ஒருமுறையாவது வரும் வாய்ப்பு 39.5 சதவீதம் என்று ஓரத்தில் எழுதி, உரிமையாளருக்கு இது தெரியுமா என்று கேட்பார்கள். அந்த 100 ஆண்டு அலையே 20 ஆண்டுப் பதிவை நீட்டி எடுத்தது என்றால், இடையில் ஒரு பெரும் புயலைச் சேர்த்தோ விட்டோ மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். முடிவுரையைக் கடைசியில்தான் படிப்பார்கள். முதலில் புரட்டுவது பின்னிணைப்பு: மானிகளின் இடைவெளி, நீர் அடர்த்தி, மட்டக் குறிப்பு, வெட்டிய அதிர்வெண், காலடி ஆழம். அட்டவணையில் அலை உயரம் என்று மட்டும் போட்டு எந்த உயரம் என்று போடாமல் இருந்தால், கோப்பு அன்றே திரும்பிப் போகும்.