அரைப் பரப்புக் காணியும் டைக் துரையின் காலமும்

பென்சன் எடுத்த பிறகு லண்டனில் எனக்கு இரண்டு வேலை. வெயில் என்றால் அலொட்மென்ற், மழை என்றால் கியூ ஆவணக் காப்பகம். மனுசிக்கு இரண்டிலும் பெரிய மதிப்பில்லை. பகலில் நான் ரீவிக்கு முன்னால் இல்லை என்பதே அவவுக்குப் போதும்.

அலொட்மென்ற் என்பது கவுன்சில் சிறு வாடகைக்குத் தரும் தோட்டத்துண்டு. அதை இன்னும் றாட் கணக்கில்தான் அளக்கிறார்கள். முழுத்துண்டு 10 றாட். இந்த றாட் வேறொன்றுமில்லை, இலங்கையில் நாம் காணி அளக்கும் பேர்ச்சஸ்தான். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காணியில் 10 பேர்ச்சஸ் ஒரு பரப்பு. எனக்குக் கிடைத்தது பாதித்துண்டு, ஆகவே இங்கிலாந்தில் நானும் அரைப் பரப்புக் காணிக்காரன். வாடகைக் காணிக்கு இந்தப் பெருமை கொஞ்சம் கூடத்தான்!

மே நடுப்பகுதிவரை உறைபனிப் பயம் இருக்கும். அவசரப்பட்டு மிளகாய்க் கன்றை வெளியே நட்டால் ஒரே இரவில் கறுத்துப்போகும். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். அப்புறம் பூசணியைப் பிடிக்க முடியாது. ரன்னர் பீன்ஸும் தண்டுக்கீரையும் தாராளம். வெண்டி மட்டும் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தாலும் முகம் கொடுக்காது. கீரை விதை தந்தது பக்கத்துத் துண்டு ஜமேய்க்காக்காரர். அவர் அதைக் கருவாட்டோடு சமைப்பார், நான் தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டுவேன்.

மழை பிடித்தால் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். வாசகர் அட்டை இலவசம். பேனா உள்ளே போகாது, பென்சில் மட்டும். 'சி.ஓ. 54' என்ற வரிசையில் இலங்கை ஆளுநர்கள் லண்டனுக்கு அனுப்பிய கடிதங்கள் தடித்த தொகுதிகளாக இருக்கின்றன. பஞ்சுத் தாங்கியில் கிடத்தி மெல்லத் திறக்கவேண்டும். கடிதத்தைவிட, அதில் லண்டன் அதிகாரிகள் ஒருவர்பின் ஒருவராகக் கிறுக்கிய குறிப்புகள்தான் சுவை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் மறுத்திருப்பார். சில கையெழுத்துகளோடு மல்லுக்கட்டவே அரைநாள் போய்விடும்.

நான் தேடப்போனது பேர்சிவல் ஆக்லண்ட் டைக்கை. 1829இலிருந்து 1867இல் இறக்கும்வரை இலங்கையின் வடக்கை ஆண்ட ஆங்கிலேயத் துரை. யாழ்ப்பாணத்துப் பழைய பூங்கா அவர் உருவாக்கியது. ஆட்சியைப் பற்றி எவ்வளவும் சண்டை பிடிக்கலாம், மரம் வைத்த மனிதர் என்பதால் எனக்கு அவரில் ஒரு பட்சம். ஆனால் அவரைத் தேடினால் முத்துக்குளிப்பு, வீதி, கொலரா என்று வேறெங்கோ இழுத்துப்போகும். நானும் பின்னால் போய்விடுவேன்.

"இவ்வளவு வாசிக்கிறீங்கள், ஒரு கட்டுரையாவது எழுதுங்கோவன் அப்பா" என்கிறாள் மகள். எழுதலாம். முதலில் பீன்ஸ் பிடுங்கி முடியட்டும்.