பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் விட்டுப்போன இரண்டு ஷரத்துகள்

திருப்பூரில் ஏழு வருடமாக என் பெயரில் புரொப்ரைட்டர்ஷிப்பாக அட்டைப் பெட்டி யூனிட் நடத்தி வருகிறேன். போன 2025 ஜூனில் தம்பி 6 லட்சம் போட்டுக் கூட்டுச் சேர்ந்தான். இரண்டு பேரும் பார்ட்னர்ஷிப்பாக மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்த வேலை மூன்று மாதம் இழுத்தது. கிட்டத்தட்ட 1,84,000 ரூபாய் ஜிஎஸ்டி கிரெடிட் (வாங்கும்போது கட்டிய வரி, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம்) கைவிட்டுப் போயிருக்கும். மாறப்போகிறவர்கள் யாராவது இருந்தால் படித்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் தவறு ஆரம்பத்திலேயே. எங்களுக்கு ரிட்டர்ன் போட்டுத் தருபவர், "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க அக்கா, அமெண்ட்மெண்ட் போட்டா முடிஞ்சுது" என்றார். அதாவது பழைய ஜிஎஸ்டி பதிவிலேயே திருத்தம். அப்படிப் போட முடியாது. ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, நமக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். புரொப்ரைட்டர்ஷிப்புக்கு நம் சொந்த பான், பார்ட்னர்ஷிப் ஃபர்முக்கு வேறு பான். பான் மாறினால் பழைய ஜிஎஸ்டி எண்ணைத் திருத்த வழியே இல்லை, புதிதாகத்தான் எடுக்க வேண்டும். இது தெரியவே பத்து நாள் போனது.

பான் வந்தது. பத்திரத்தில் 'அண்ட்' என்று எழுத்தாக இருந்த இடத்தில் கார்டில் '&' குறி. ஜிஎஸ்டி தளம் பானில் உள்ள பெயரோடு ஒத்துப் பார்க்கும். திருத்தி வாங்க இன்னும் இரண்டு வாரம். பத்திரம் எழுதும்போதே பெயரை ஒரே மாதிரி முடிவு செய்து, எல்லா விண்ணப்பத்திலும் அப்படியே போடுங்கள்.

ஜிஎஸ்டி விண்ணப்பத்துக்கு ஒரு கேள்வி வந்தது. ஷெட்டின் ஈபி ரசீது இறந்துபோன மாமனார் பெயரில் இருந்தது. பதில் தர 7 வேலை நாள்தான். மாமியாரிடம் சம்மதக் கடிதம், வாரிசுச் சான்று, சொத்து வரி ரசீது எல்லாம் சேர்த்து ஆறாம் நாள் ஏற்றினேன். ஆகஸ்ட் முதல் வாரம் எண் வந்துவிட்டது.

அப்புறம்தான் பெரிய அடி. பழைய எண்ணின் லெட்ஜரில் (ஜிஎஸ்டி தளத்தில் உள்ள கிரெடிட் கணக்கில்) அந்த 1,84,000 இருந்தது, போன வருடம் வாங்கிய மெஷினுக்குக் கட்டிய 18 சதவீத வரியின் மிச்சம். எண்ணை ரத்து செய்ய விண்ணப்பம் தயாராகிவிட்டது, ஓடிபி மட்டும் சொல்லுங்கள் என்று ரிட்டர்ன் போடுபவரிடமிருந்து போன் வந்தது. மனசு கேட்காமல் ஆடிட்டரைக் கூப்பிட்டேன். "ஓடிபி சொல்லிடாதம்மா" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. முதலில் ஐடிசி-02 என்ற படிவத்தைப் போட்டு கிரெடிட்டைப் புதிய எண்ணுக்கு மாற்ற வேண்டும், அதன் பிறகுதான் ரத்து. தலைகீழாகச் செய்திருந்தால் அந்தப் பணத்தைத் தேடி அலைந்திருப்பேன்.

ஐடிசி-02க்குப் பட்டயக் கணக்காளர் சான்று வேண்டும். ஆடிட்டர் எங்கள் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதை வெச்சு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்றார். பழைய தொழிலின் சொத்தும் கடன் பொறுப்புகளும் ஃபர்முக்கு மாறுகின்றன என்று அதில் ஒரு வரிகூட இல்லை. பொறுப்புகளும் சேர்ந்து மாறினால்தான் கிரெடிட்டும் மாறும். எங்களுக்கு எழுதிக் கொடுத்தவர் ஏதோ பழைய மாதிரிப் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

அதே பத்திரத்தில் இன்னொரு ஓட்டையையும் அவர்தான் காட்டினார். பார்ட்னர் சம்பளம் "அவ்வப்போது பேசி முடிவு செய்துகொள்ளப்படும்" என்று இருந்தது. தொகையோ கணக்கிடும் முறையோ பத்திரத்தில் இல்லாவிட்டால் அந்தச் சம்பளத்தை ஃபர்ம் செலவாகக் காட்ட முடியாது. ஃபர்முக்கு ஸ்லாப் கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், செஸ்ஸோடு 31.2. நாங்கள் ஆளுக்கு மாதம் 25,000 எடுத்திருந்தோம். இரண்டரை மாதத்துக்கு இருவருக்கும் சேர்த்து 1,25,000. அதற்கு மட்டும் ஃபர்ம் 39,000 ரூபாய் வரி கட்ட வேண்டும். எங்கள் இருவருக்குமே வருட வருமானம் 12 லட்சத்துக்குள்தான். புது வரி முறையில் எங்கள் கையில் சம்பளமாக வந்திருந்தால் வரியே இல்லை. அந்த 39,000 போனது போனதுதான், ஏனென்றால் பின்தேதியிட்டுத் திருத்த முடியாது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகஸ்ட் நடுவில் இரண்டு ஷரத்தையும் சேர்த்துத் துணைப் பத்திரம் எழுதினோம். பழைய எண்ணில் பாக்கி இருந்த ஜூலை 3பி ரிட்டர்னைப் போட்டோம், சான்று வாங்கி ஐடிசி-02 தாக்கல் செய்தோம். நாம் தாக்கல் செய்தால் மட்டும் போதாது, புதிய எண்ணில் நுழைந்து ஏற்றுக்கொள்ள வேண்டும். தம்பி பட்டனை அழுத்தினான். லெட்ஜரைத் திறந்தால் 1,84,000 அப்படியே வந்து நின்றது. நான்கைந்து முறை மூடித் திறந்து பார்த்தேன்.

ஃபர்மைப் பதிவு செய்வதையும் தள்ளிப் போடாதீர்கள். ஜிஎஸ்டிக்குப் பத்திரமே போதும் என்பது சரிதான். ஆனால் 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, பதிவில்லாத ஃபர்ம் பாக்கி வைத்த கஸ்டமர் மேல் வழக்குப் போட முடியாது. 60 நாள், 90 நாள் கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் நம் ஊரில் அது பெரிய ஆபத்து.

இன்னொன்று, 2025 ஏப்ரலிலிருந்து பார்ட்னருக்குத் தரும் சம்பளம், வட்டி எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 20,000 தாண்டினால் ஃபர்ம் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டும். அதற்கு டான் எண் (வரி பிடிப்பவருக்கான எண்) வேண்டும், முதலிலேயே வாங்கிவிடுங்கள். கரண்ட் அக்கவுண்ட்டும் உத்யம் என்ற சிறுதொழில் பதிவும்கூடப் புதிதாகத்தான். பழைய எண் ரத்தானதும் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்ன் போட மூன்று மாதம் அவகாசம் உண்டு. நான் அந்த வாரமே போட்டுவிட்டேன்.