காக்பிட்ல பேசத் தெரிஞ்ச ஆளு

65 வயசு ஆயிட்டா பைலட்டு ஏர்லைன் சீட்டை காலி பண்ணியாகணும், அதான் ரூல், அதனால இப்ப குளச்சல்ல வீட்டோட இருக்கேன். சாயக்கடையில போய் உக்காந்தா ரெண்டே கேள்விதான் வரும். சம்பளம் எவ்வளவு வாங்குனிய, அப்புறம் எல்லாம் ஆட்டோ பைலட்டுதானே ஓட்டும், நீங்க உள்ள இருந்து என்னதான் செய்வியன்னு. முதல் கேள்விக்கு சிரிச்சு வச்சிருவேன். ரெண்டாவதுக்கு, பாதி வேலை பேச்சுதான்டே, பேசுறதும் கேக்குறதும்னு சொல்லுவேன். ஒருத்தனும் நம்ப மாட்டான்.

திருவனந்தபுரத்துல ஃப்ளையிங் கிளப்புல செஸ்னாங்கிற சின்ன விமானத்தை ஓட்டி, லைசென்ஸுக்கு வேண்டிய மணி நேரத்தை கடன வாங்கி கஷ்டப்பட்டு முடிச்சு, வேலை கிடைக்காம கொஞ்ச காலம் சும்மா சுத்தி, முதல்ல ஆவ்ரோ விமானம், அதுக்கப்புறம் போயிங் 737, கடைசியா ஏர்பஸ் 320. இதுல கொழும்பு போற நாள் மட்டும் ஒரு சந்தோஷம், மேகம் இல்லன்னா கன்னியாகுமரி முனை அப்படியே கீழ தெரியும்.

320 இந்தியாவுக்கு வந்தது 1989-ல. பழைய போயிங்ல ரெண்டு பேரு முன்னாடியும் ஸ்டீரிங் இருக்கும், ரெண்டும் சேர்ந்தே அசையும். நம்ம கடப்புறத்துல கரைமடி வலை இழுக்கும்போது முன்னால நிக்கவன் கயித்த தளர்த்துனா பின்னால நிக்கவனுக்கு கையிலயே தெரியும் பாருங்க, அந்த மாதிரி. ஏர்பஸ்ல ஓரத்துல ஒரு சின்ன ஸ்டிக்தான், ஒருத்தர் ஸ்டிக்க அசைச்சா அடுத்தவரோடது அசையாது. பக்கத்துல இருக்கவரு எவ்வளவு இழுக்காருன்னு கைக்கு தெரியாது, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அசைச்சா "டூயல் இன்புட்"னு மெஷின்தான் கத்தும். அதனால வாயத் திறந்து சொல்லியே ஆகணும்.

இங்கதான் நம்மாளுகளுக்கு சிக்கல். பெரியவங்க பேசும்போது குறுக்க பேசக்கூடாதுன்னு சொல்லி வளத்த பிள்ளைங்க, கேப்டன் வயசு அப்பா வயசு, எப்படி வாயத் திறக்கும்? திறந்தாலும் கேக்கணுமே. 2010 மே மாசம் மங்களூர்ல 158 பேர் செத்தாங்க. 2020 ஆகஸ்ட்ல கோழிக்கோட்டுல 21 பேர். ரெண்டுமே துபாய்ல இருந்து வந்த விமானம், ரெண்டுமே மலை உச்சிய வெட்டி போட்ட ரன்வே, விசாரணை அறிக்கை ரெண்டுலயும் ஒரே விஷயம் இருக்கு, பக்கத்துல இருந்தவரு "கோ அரவுண்ட்" சொல்லியிருக்காரு, லேண்டிங்கை விட்டுட்டு மேல ஏறுங்கன்னு அர்த்தம், ஓட்டினவரு இறக்கத்தான் பாத்தாரு. அதைப் படிச்சப்புறம் என் கூட வர்ற ஒவ்வொரு ஃபர்ஸ்ட் ஆபிசர்கிட்டயும், அதான் பக்கத்து சீட்டு பைலட்டுகிட்ட, கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிருவேன், நீ கோ அரவுண்ட்னு சொன்னா ஏன்னு கேக்க மாட்டேன், மேல ஏறிருவேன், காரணத்தை அப்புறமா பேசிக்கலாம்னு. சில கேப்டன்களுக்கு இது மரியாதைக் குறைவா பட்டுச்சு. படட்டும்.

ஒரு ஜூன் மாசம் ராத்திரி, கல்ஃப்ல இருந்து திருவனந்தபுரம். ஃபர்ஸ்ட் ஆபிசர் ஒரு வடநாட்டுப் பொண்ணு, ரொம்ப சின்ன வயசு. மேகத்துக்குள்ள இறங்குறப்ப 1000 அடியில ஸ்பீடு, இறங்குற வேகம், றெக்கையில உள்ள ஃப்ளாப், கியர்னு சொல்ற சக்கரம் எல்லாம் கணக்கா நிக்கணும். நின்னுச்சு. அதுக்குக் கீழ வந்ததும் காத்து திரும்பி ஸ்பீடு லிமிட்ட தாண்டுது, நான் சரி பண்ணிட்டுதான் இருக்கேன், அவ "அன்ஸ்டேபிள், கோ அரவுண்ட்"னு நல்ல கணீர்னு சொன்னா. இன்ஜின் லிவர முழுசா முன்னால தள்ளி ஏறிட்டேன். ரெண்டாவது தடவை மினிமம்ஸ் வரைக்கும், அதாவது ரன்வே தெரியாம அதுக்கு மேல இறங்கக்கூடாதுங்கிற உயரம் வரைக்கும் வந்தும் ரன்வே லைட்டு கண்ணுல படல. கொச்சி போறதுக்கும், அங்க போயி அரை மணி நேரம் சுத்துறதுக்கும் வேண்டிய எண்ணெய் தனியா இருக்கணும், அதுல கை வைக்கக்கூடாது, அதனால மூணாவதா ஒரு ட்ரை பண்ணாம நேரா கொச்சிக்கு விட்டாச்சு.

கொச்சியில கதவத் திறந்ததும்தான் கூத்து. எங்க டியூட்டி டைமும் முடிஞ்சிருச்சு, வேற க்ரூ வந்தாத்தான் வண்டி கிளம்பும். உள்ள பாதிப் பேரு நம்ம ஜில்லாக்காரங்க, மார்த்தாண்டம், கருங்கல், தேங்காப்பட்டணம், ரெண்டு வருசம் கழிச்சு லீவுல வர்றவங்க. ஒருத்தரு என் பேச்சை வச்சே ஊரைக் கண்டுபிடிச்சிட்டு, "சாரே, நீங்க நம்ம ஆளாக்கும், ஒரு மழைக்குப் பயந்து இங்க கொண்டு வந்து எறக்கிட்டியளே"ன்னு ஒரே பிடி. பயந்துதான் வந்தேன்னு சொன்னேன். அவரு அதை எதிர்பாக்கல.

கோ அரவுண்ட் பண்ணினதுக்காக பைலட்டை தண்டிக்கக்கூடாதுன்னு விமானத்துறையைக் கண்காணிக்கிற டிஜிசிஏவே சொல்லியிருக்கு, சரியா செட் ஆகாம இறக்கினாத்தான் பறந்த டேட்டாவ எடுத்து வச்சுக்கிட்டு கூப்பிடுவாங்க, இதெல்லாம் அந்த நேரத்துல அவருகிட்ட சொல்லி ஆகாது. அவருக்கு வேற கவலை. வீட்டுக்காரங்க எல்லாரும் வேன் பிடிச்சு திருவனந்தபுரத்துல வந்து நிக்காவ, வெயிட்டிங் சார்ஜை யாரு குடுப்பாங்கன்னு கேட்டாரு. அந்தப் பொண்ணு என்ன சொல்றாருன்னு கேட்டா. மொழிபெயர்த்துச் சொன்னேன், அவ பர்ஸை எடுக்கப் போயிட்டா.